சுவிட்ச் சொல்வதை நம்பலாமா?

முதல் பட்டனை இணைத்த அன்றைக்கே அது என்னை ஏமாற்றியது. கணினியில் விண்கல விளையாட்டு ஆடுவதற்காக வீட்டிலேயே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்துகொண்டிருந்தேன். விண்கலத்தின் மூக்கு ஆடாமல் பிடித்து நிறுத்தும் எஸ்.ஏ.எஸ். வசதிக்காக அதில் வைத்த சிவப்புப் பட்டன் அது. ஒரு தடவை அழுத்தினால் வசதி இயங்க வேண்டும், இன்னொரு தடவை அழுத்தினால் அணைய வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் சில நேரம் சொன்னபடி கேட்டது, சில நேரம் அழுத்தியும் ஒன்றுமே நடக்கவில்லை. வயரை மாற்றினேன். ஈயப் பற்றை மறுபடி சூடாக்கினேன். பட்டனையே மாற்றினேன். பலனில்லை.

கடைசியில், பட்டனிலிருந்து வரும் ஒவ்வொரு சமிக்ஞையையும் எண்ணித் திரையில் காட்டும்படி நாலு வரி நிரல் எழுதிப் பார்த்தேன். நான் அழுத்தியது ஒரு தடவை. பெட்டிக்குள் இருக்கும் சிப் சில சமயம் மூன்று என்றது, சில சமயம் இரண்டு என்றது. மூன்று என்றால் போட்டு, அணைத்து, திரும்பவும் போட்டதாக ஆகிறது, வசதி இயங்குகிறது. இரண்டு என்றால் போட்ட கையோடு அணைத்ததாகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எதுவுமே நடக்கவில்லை.

பட்டனுக்குள் இருப்பவை இரண்டு சின்ன உலோகத் தகடுகள். தட்டு ஒன்று கை நழுவித் தரையில் விழுந்தால் ஒரே சத்தத்தோடு அடங்கிவிடுமா என்ன? தடதடவென்று அதிர்ந்துதான் ஓயும். தகடுகளும் அப்படித்தான். தொட்டு, விலகி, மறுபடி தொட்டு, சில மில்லிவிநாடி கழித்துத்தான் நிலைகொள்ளும். நம் விரலுக்கு அது தெரியாது. பெட்டிக்குள் வைத்திருக்கும் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் போர்டில் உள்ள சிப்புக்கு நன்றாகவே தெரியும். அதன் கடிகாரம் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் தடவை துடிக்கிறது. ஒரு மில்லிவிநாடி என்பது அதற்கு 16,000 துடிப்பு. தகட்டின் ஒவ்வொரு துள்ளலையும் தனித்தனி அழுத்தலாக எண்ண அதற்குத் தாராளமாக நேரமிருக்கிறது. மருந்து எளிது: முதல் தொடுதலைக் கண்டதும் 10 அல்லது 20 மில்லிவிநாடி பொறுத்து, அப்போதும் தொட்டபடியே இருந்தால் மட்டும் நம்பு என்று நிரலில் எழுதிவிட வேண்டும்.

சரி, இத்தனை பாடு எதற்கு? விசைப்பலகையிலேயே விளையாடலாமே?

விளையாடலாம்தான். 2000-இல் வந்த ஆர்பிட்டர், 2011-இல் முதன்முதலாக வெளிவந்த கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் ஆகிய விண்கல விளையாட்டுகள் இரண்டையுமே விசைப்பலகையை வைத்து ஓட்ட முடியும். ஆனால் விசைக்கு இரண்டே நிலைதான்: அழுத்தியது, அழுத்தாதது. ஒரு கலத்தை இன்னொன்றோடு மெல்லக் கொண்டுபோய் இணைக்கும்போது கால்வாசித் தள்ளு, அரைக்கால்வாசித் தள்ளு என்றெல்லாம் தேவைப்படும். அங்கேதான் விரல்கள் தடுமாறும்.

இன்னொரு காரணம் இயற்பியலில் இருக்கிறது. விமானத்தில் மூக்கைத் திருப்பினால், காற்று இறக்கைகளைப் பிடித்து விமானத்தையும் அந்தப் பக்கம் திருப்பிவிடும். வெற்றிடத்தில் பிடிக்க ஆளில்லை. மூக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கலம் பழைய பாதையிலேயே, பக்கவாட்டாகவோ பின்புறமாகவோ, போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே திரும்புவது ஒரு வேலை, நகர்வது இன்னொரு வேலை. திரும்ப மூன்று அச்சு, நகர மூன்று அச்சு, ஆக ஆறு. அப்பல்லோ கலங்களில் வலது கைக்குத் திருப்பும் பிடி, இடது கைக்கு நகர்த்தும் பிடி என்று பிரித்துக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் செய்பவர்களும் பெரும்பாலும் அதையே பின்பற்றுகிறோம்: இரண்டு ஜாய்ஸ்டிக், இரண்டிலும் முன்பின், இடவலம், அப்புறம் குமிழைத் திருகினால் மூன்றாவது அச்சு.

ஜாய்ஸ்டிக்கின் அடியில் வழக்கமாக இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருகினால் மின்தடை மாறும் குமிழ். அதிலிருந்து வரும் 0 முதல் 5 வோல்ட் வரையான மின்னழுத்தத்தை சிப் 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக்கிக்கொள்கிறது. நடுநிலை என்றால் 512 வர வேண்டும். கையை எடுத்துவிட்டுப் பாருங்கள்: 509 வரும், 515 வரும், சும்மா இருக்கும்போதே ஒன்றிரண்டு ஏறி இறங்கும். தரையில் இது பெரிய விஷயமில்லை. விண்வெளியில் உராய்வு கிடையாது. அந்த மூன்று எண் பிசகு போதும், நீங்கள் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கலம் கரகரவென்று சுற்ற ஆரம்பித்திருக்கும். அதனால் நடுவில் கொஞ்சம் இடத்தைச் செத்த பகுதியாக விட்டுவிடுவார்கள். 490-க்கும் 534-க்கும் நடுவே எது வந்தாலும் பூஜ்யம்தான் என்று கணக்கு. மிச்சமுள்ள தூரத்தை அப்படியே அனுப்பாமல் மும்மடியாக்கி அனுப்பினால் இன்னும் சுகம். பாதி தள்ளினால் அரை × அரை × அரை, அதாவது எட்டில் ஒரு பங்கு விசைதான் போகும். மெல்லிய திருத்தங்களுக்கு நிறைய இடம் கிடைக்கும். முழுக்கத் தள்ளினால் முழு விசையும் கிடைக்கும். பொட்டென்ஷியோமீட்டரின் உரசும் பாகம் நாளடைவில் தேய்ந்துபோகும். அதைத் தவிர்க்க நினைப்பவர்கள் காந்தத்தையும் அதன் புலத்தை உணரும் ஹால் உணரியையும் வைக்கிறார்கள். அந்த உணரி இயங்குவது எட்வின் ஹால் 1879-இல் கண்டறிந்த விளைவால். ஒன்றையொன்று தொடாததால் தேய்மானம் இல்லை.

பட்டன் இணைப்பில் இன்னொரு பொறி உண்டு. பட்டனை அழுத்தாதபோது, அதன் வயர் வந்து சேரும் சிப்பின் கால், அதாவது உலோக முனை, எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கும். அந்த வயர் ஓர் ஆன்டெனா மாதிரி சுற்றியிருக்கும் மின்சார இரைச்சலை வாங்கி, 0 என்றும் 1 என்றும் உளறும். சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரையுள்ள ஒரு மின்தடை இருக்கிறது. நிரலில் சொன்னால் அது அந்தக் காலை 5 வோல்ட்டோடு மெல்லிசாக இழுத்துக் கட்டிவிடும். பட்டனின் மறுமுனை 0 வோல்ட்டில் இருப்பதால், அப்புறம் அதை அழுத்தினால் 0, விட்டால் 1. தலைகீழாகத் தோன்றும், பழகிவிடும்.

பெட்டி வளர வளரக் கால்கள் போதாது. ஆர்டுயினோ யூனோவில் டிஜிட்டல் கால்கள் 14-தான். ஒழுங்கான ஒரு கட்டுப்பாட்டுப் பலகைக்கு 40 சுவிட்ச்சாவது ஆகும். இதற்கு வழி, சுவிட்ச்சுகளைக் கட்டம்போட்ட மாதிரி குறுக்கே வரிசையும் நெடுக்கே நிரையுமாக இணைப்பது. 5 வரிசை, 8 நிரை என்றால் 13 கால்களிலேயே 40 சுவிட்ச். சிப் ஒவ்வொரு வரிசையாகக் குரல் கொடுத்து, எந்த நிரையிலிருந்து பதில் வருகிறது என்று பார்க்கும். ஆனால் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள சுவிட்ச்சுகள் ஒரே நேரத்தில் மூடியிருந்தால், மின்சாரம் அவற்றின் வழியே சுற்றிக்கொண்டு வந்து, யாரும் தொடாத நாலாவது மூலையையும் அழுத்தியதாகக் காட்டிவிடும். பேய் விசை என்பார்கள். சாதாரண விசைப்பலகையில் இது எப்போதாவது வரும் தொல்லை. விண்கலப் பெட்டியில் அப்படியில்லை. கிளிக்கென்று மடக்கி வைக்கும் டாகிள் சுவிட்ச்சுகள் மணிக்கணக்காக மூடியே கிடக்கும், பேய் நிரந்தரமாகக் குடிவந்துவிடும். ஒவ்வொரு சுவிட்ச்சுக்கும், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டுமே விடும் ஒரு 1என்4148 டையோடு போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு வழிப்பாதை ஆகிவிட்டால் சுற்றி வர முடியாதல்லவா? ஒரு மாலை முழுக்க ஈயம் பற்றவைக்கும் வேலை இது.

இனி, பெட்டி கணினியோடு பேசும் விதம். சுலபமான வழி, பெட்டியை ஒரு ஜாய்ஸ்டிக் என்றே கணினியை நம்பவைப்பது. ஏடிமெகா 32யு4 சிப் உள்ள ஆர்டுயினோ லியோனார்டோ போன்ற போர்டுகளால் இது முடியும். யூஎஸ்பி கம்பியைச் செருகியதும் கணினி தானே அடையாளம் கண்டுகொள்ளும், விளையாட்டில் எதையும் நிறுவ வேண்டாம். குறை என்னவென்றால், பேச்சு பெரும்பாலும் ஒருவழிதான். பெட்டி சொல்லும், விளையாட்டு கேட்கும். உயரம் எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு மிச்சம் என்று பெட்டியில் காட்ட வேண்டுமானால் எதிர்ப்பக்கமிருந்தும் பேச்சு வர வேண்டும். கெர்பலில் அதற்கென்றே சிம்பிட், கேஆர்பிசி என்று துணை நிரல்கள் உள்ளன. அவை பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் இணைப்பு வழியாகத் தகவல்களைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்பும், வாங்கும்.

விநாடிக்கு 1,15,200 பிட் வேகம் என்றால் தொடக்க, முடிவு அடையாளங்களையும் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட் வீதம் 11,520 பைட். நாலைந்து எண்களை விநாடிக்கு 20 தடவை அனுப்ப இது தாராளம். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பொட்டலம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் கவனம் வேண்டும். நடுவில் ஒரே ஒரு பைட் தவறிவிட்டாலும், ஓர் எண்ணின் வாலும் அடுத்த எண்ணின் தலையும் ஒட்டிக்கொண்டு, 80 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கலம் பல கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதாக எண் காட்டும். எனவே பொட்டலத்தின் முன்னால் அடையாளத்துக்கு இரண்டு பைட், பின்னால் சரிபார்க்க ஒரு கூட்டுத்தொகை. கூட்டு பொருந்தாத பொட்டலத்தைப் பார்க்காமலே தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இருவழிப் பேச்சு வந்த பிறகுதான் எனக்கு நிஜமான சிக்கல் பிடிபட்டது. தரையிறங்கும் கால்களுக்கு அழகான டாகிள் சுவிட்ச் வைத்திருந்தேன். மேலே தள்ளினால் கால் மடங்கும், கீழே தள்ளினால் விரியும். ஒரு நாள் கால் விரித்தபடி சேமித்து வைத்திருந்த பழைய ஆட்டத்தைத் திறந்தேன். பெட்டியில் சுவிட்ச் மேலே இருக்கிறது, திரையில் கால் கீழே இருக்கிறது. இரண்டில் எது உண்மை? நான் எழுதியிருந்த நிரல், சுவிட்ச் அசையும்போதெல்லாம் ‘மாற்று’ என்று செய்தி அனுப்பியது. கீழே தள்ளினேன். விளையாட்டு சமர்த்தாகக் காலை மடக்கியது. நிலவின் தரை 200 மீட்டரில் இருந்தது.

‘மாற்று’ என்ற சொல்தான் குற்றவாளி. அதற்குப் பதில் ‘காலை விரி’, ‘காலை மடக்கு’ என்று நிலையையே சொல்லி அனுப்பினால், ஏற்கெனவே விரிந்திருக்கும் காலுக்கு அந்தச் செய்தி போனாலும் ஒரு கேடும் இல்லை. மூன்று தடவை போனாலும் இல்லை. யோசித்துப் பார்த்தால், அங்கும் பட்டனுக்குப் பதில் டாகிள் சுவிட்ச் வைத்து இப்படி நிலையை அனுப்பியிருந்தால், முதல் நாள் என்னை அலைக்கழித்த எஸ்.ஏ.எஸ். கோளாறும் தீர்ந்திருக்கும். ‘போடு, அணை, போடு’ என்று தகடு துள்ளினாலும் கடைசிச் சொல் ‘போடு’தானே. அதோடு, விளையாட்டு சொல்லும் நிலையும் சுவிட்ச்சின் நிலையும் வேறுபட்டால் பக்கத்தில் உள்ள விளக்கு கண்சிமிட்டும்படி வைத்துவிட்டேன். உந்துவிசைக் கைப்பிடிக்கு வேறு வைத்தியம்: பெட்டியில் கைப்பிடி உச்சியிலும் விளையாட்டில் எஞ்சின் பூஜ்யத்திலும் இருந்தால், கைப்பிடி ஒரு தடவை பூஜ்யத்துக்கு இறங்கி வரும்வரை பெட்டி அதைக் கண்டுகொள்ளாது.

விளக்குகள், எண்காட்டிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்னோட்டக் கணக்கு மட்டும் முக்கியம். எல்.இ.டி. ஒன்றுக்கு 20 மில்லி ஆம்பியர் என்றால் 30 விளக்குக்கு 600. யூஎஸ்பி 2.0 துளை தருவது 500-தான். ஒரு வோல்ட்மீட்டர் முள்ளை எரிபொருள் காட்டியாக்குவது மட்டும் தனி மகிழ்ச்சி. சிப் 5 வோல்ட்டை விநாடிக்கு சுமார் 490 தடவை போட்டு அணைக்கிறது. முள்ளுக்கு அந்த வேகத்தில் ஆட முடியாது, சராசரியில் அசையாமல் நின்றுவிடுகிறது.

நிலையாகச் சொல்ல முடியாத கட்டளை ஒன்று மிஞ்சுகிறது. எரிபொருள் தீர்ந்த ராக்கெட் அடுக்கைக் கழற்றும் பட்டன். கழற்றிய அடுக்கைத் திரும்ப ஒட்ட முடியாது, ஆகவே ‘இந்த நிலையில் இரு’ என்று அதற்குச் சொல்ல வழியில்லை. அதற்கு நிரலைவிட இரும்பே நல்ல காவல். மேலே மூடி போட்ட சுவிட்ச், அதோடு ‘ஆயத்தம்’ என்று இன்னொரு சுவிட்ச். இரண்டும் சேர்ந்தால்தான் செய்தி போகும். அப்பல்லோ பலகைகளில் சுவிட்ச்சுகளின் இரு பக்கமும் கம்பி வளையம் வைத்தது, மிதக்கும் மனிதனின் முழங்கை பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான். அப்படியும் அப்பல்லோ 11-இல், நிலவிலிருந்து கிளம்பும் எஞ்சினுக்கான சர்க்யூட் பிரேக்கரின் முனை உடைந்துபோய், விண்வெளி வீரர் ஆல்ட்ரின் ஒரு பேனாவால் அதை உள்ளே தள்ள வேண்டி வந்தது.

சுவிட்ச் சொன்ன பொய்களில் பெரியது 1971 பிப்ரவரியில் நடந்தது. அப்பல்லோ 14-இன் தரையிறங்கு கலம் அன்டாரெஸ் நிலவில் இறங்கச் சில மணி நேரமே இருக்கும்போது, ‘இறங்குவதைக் கைவிடு’ என்ற பட்டன் அழுத்தப்பட்டதாகக் கணினிக்குச் சமிக்ஞை வந்தது. யாரும் அதைத் தொடவில்லை. கலத்தில் இருந்த விண்வெளி வீரர் எட்கர் மிட்செல் பலகையைத் தட்டினார், சமிக்ஞை மறைந்தது. பிறகு மறுபடி வந்தது. சுவிட்ச்சுக்குள் ஓர் ஈயத் துணுக்கு கழன்று மிதந்து தொடுமுனைகளை இணைக்கிறது என்று கணித்தார்கள். எஞ்சின் எரியத் தொடங்கிய பிறகு அது வந்திருந்தால் கணினி நிஜமாகவே இறங்குவதைக் கைவிட்டிருக்கும். கணினி நிரலை எழுதியவர்களில் ஒருவரான டான் ஐல்ஸ் தரையிலிருந்து ஒரு குறுக்குவழி சொன்னார்: கைவிடும் வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதாகக் கணினியை நம்பவைத்துவிட்டால் அது அந்தப் பட்டனைத் திரும்பிப் பார்க்காது. மிட்செல் அந்த எண்களை விசைப்பலகையில் தட்டினார், கலம் இறங்கியது.

இதைப் படித்த பிறகு, பெட்டியின் பின்மூடியைத் திருகுவதற்கு முன் ஒரு தடவை அதைக் கவிழ்த்து நன்றாகக் குலுக்கினேன். இரண்டு வயர் துண்டும் கடுகளவு ஈய உருண்டை ஒன்றும் விழுந்தன.