‘நெல்லை’ என்ற சொல்லை வரைபடம் எழுதும் விதம்

தாமிரபரணியின் கால்வாய்களையும் அவற்றால் நிரம்பும் குளங்களையும் இணையதளத்தில் வரைபடமாக வைக்க விரும்புவோர், எந்த மென்பொருள் சிறந்தது என்றே முதலில் கேட்கின்றனர். குளத்தின் பெயர் தமிழில் பிழையின்றித் தெரிய வேண்டும் என்றால், அதற்கான விடை சற்றே எதிர்பாராத திசையில் செல்கிறது.

அடிப்படைத் தரவுக்கு, தன்னார்வலர்கள் உருவாக்கும் உலக வரைபடத் தொகுப்பாக 2004இல் தொடங்கப்பட்ட ஓபன்ஸ்ட்ரீட்மேப் போதுமானது. பங்களிப்பாளர்களைக் குறிப்பிட்டு எவரும் அதைப் பயன்படுத்தலாம். விடுபட்ட குளத்தை நாமே சேர்க்கலாம். தமிழ்ப் பெயருக்கெனத் தனிக் குறிச்சொல்லும் அதில் உண்டு.

இத்தரவு இரு வடிவங்களில் திரைக்கு வருகிறது. முதலாவது, 256 பிக்சல் பக்கமுள்ள சதுரப் படங்களான ஓடுகள். உலகம் முழுவதும் ஒரே ஓட்டில் அடங்கும் பூச்சிய உருப்பெருக்க நிலையிலிருந்து ஒவ்வொரு படியிலும் ஓடுகள் நான்கு மடங்காகப் பெருகி, 18ஆம் நிலையில் ஏறத்தாழ 6,872 கோடியை எட்டுகின்றன. அந்நிலையில் திருநெல்வேலியில் ஒரு பிக்சல் சுமார் 60 சென்டிமீட்டர் நிலத்தைக் குறிக்கும். ஆனால் படத்தோடு படமாக அச்சாகிவிட்ட பெயரை மாற்ற இயலாது.

இரண்டாவது வடிவமான வெக்டர் ஓடுகளில் கோடுகளும் பெயர்களும் தரவாகவே வந்து உலாவியில் வரையப்படுவதால், தமிழ்ப் பெயரைத் தேர்ந்துகொள்ளலாம். வரைபட நிறுவனமான மேப்பாக்ஸ் தன் நிரலின் உரிமத்தை மாற்றிய 2020 இறுதியில் அதிலிருந்து பிரிந்து வளர்ந்த மேப்லிப்ரே இதற்கான திறமூலக் கருவி. சிக்கல் எழுத்தில் இருக்கிறது. ‘நெல்லை’ என்பதில் கணினி ‘ந’வை முதலிலும் ஒற்றைக்கொம்பை அடுத்தும் சேமிக்கிறது, காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்துவது எழுத்துருப் பொறியின் வேலை. எழுத்துகளைத் தனித்தனி வடிவங்களாக அடுக்கி வரையும் வழக்கமுடைய இவ்வகைக் கருவி அந்த வேலையைத் தவறவிட்டால், கொம்பு ‘ந’வுக்குப் பின்னால் போய் நிற்கும். ஆகவே, ஊர்ப் பெயர்களை இட்டுச் சோதித்த பின்னரே இதைத் தெரிவு செய்ய வேண்டும்.

சில நூறு குளங்களுக்கு 2011இல் வெளிவந்த சிறிய நிரலான லீஃப்லெட்டே ஏற்றது என்பது என் கருத்து. அடியில் பட ஓடுகளை வைத்து, மேலே பெயர்ப் பட்டைகளை உலாவியின் இயல்பான உரையாகவே அது இடுவதால் தமிழ் சிதைவதில்லை. நன்கொடையால் இயங்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் ஓடுகளை அனுப்பும் வழங்கியைப் பெருமளவில் பயன்படுத்த அனுமதியில்லை என்பதால், வருகை மிகுந்த தளங்கள் ஓடுகளுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று: இடங்களின் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும், லீஃப்லெட்டின் கட்டளைகளில் அட்சரேகை முதலில் வரும். இவற்றை மாற்றி எழுதினால், 8.7 பாகை வடக்கிலுள்ள நயினார்குளம் 77.7 பாகை வடக்குக்குப் பெயர்ந்து, ஆர்க்டிக்கிலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே பனிக்கடலில் மிதக்கும்.