ரிவெர்ப் எதிரொலி இல்லை, ஐயா

"குரலுக்கு எதிரொலி சேர்க்கவும், ஈரப்பதம் 30 சதவீதம் போதும்." வீட்டிலேயே பாட்டு மிக்ஸ் செய்யச் சொல்லித்தரும் ஒரு தமிழ் வழிகாட்டியில் இருந்த வரி. அறைக்குள் ஒலி நீண்டு தேய்வதுபோல் ஆக்கும் ரிவெர்பைத்தான் அப்படி எதிரொலி ஆக்கியிருக்கிறார்கள். பல்லாவரத்தில் படுக்கையறையையே ஸ்டூடியோவாக்கி வைத்திருக்கும் என் சித்தி மகன் அதை நம்பி, ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் டிலேயை ஏற்றிவிட்டான். பல்லவியில் ஒவ்வொரு சொல்லும் மூன்று தரம் வந்து அடுத்த சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. "என்னண்ணா, கல்யாண மண்டபத்து மைக் செட் மாதிரி இருக்கு" என்றான்.

லத்தீனில் வெர்பெராரே என்றால் அடிப்பது. 'ரி' சேர்ந்தால் திருப்பி அடிப்பது. அதிலிருந்து ரிவெர்பரேஷன், சுருக்கி ரிவெர்ப். பிறப்புக் கதை அவ்வளவுதான்.

எதிரொலி வேறு. மலையைப் பார்த்துக் கூவினால் கூவியது தனியாகத் திரும்பி வருமே, அது. காது இரண்டையும் பிரித்துக் கேட்கச் சுமார் 0.1 வினாடி இடைவெளி வேண்டும். அதாவது சுவர் 17 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் அதற்கு எங்கே போவது? அறைக்குள் நடப்பது, எண்ணற்ற பிரதிபலிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே ஒலியாக நீண்டு தேய்வது. அது 60 டெசிபல் தேய எவ்வளவு நேரம் என்பதே ரிவெர்பின் அளவு. 1890களில் ஹார்வர்டில் இயற்பியலாளர் வாலஸ் செபைன் ஒரு விரிவுரைக் கூடத்தோடு மல்லுக்கட்டியதில் பிறந்த கணக்கு.

மைக் செட்காரர் "எக்கோ ஏத்தவா சார்?" என்பதில் எனக்குக் கோபம் இல்லை. ரிவெர்புக்கென்று கட்டிய அறையை ஒலிப்பதிவுக்காரர்களே எக்கோ சேம்பர் என்றுதான் சொன்னார்கள். ஆனால் உட்கார்ந்து எழுதுகிறவர் ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

அறிவியல் தமிழில் புழங்கும் 'எதிர்முழக்கம்' இதைவிடத் தேவலை, எதிரொலியோடு குழப்பாது. ஆனால் முழக்கம் என்றதும் இடியும் ஊர்வலமும் அல்லவா வருகின்றன? தாலாட்டுக்கு எதிர்முழக்கம் போடு என்று யாரிடம் சொல்வது? அதைவிடப் பெரிய தொல்லை 'எதிர்'. குரல் பதிவைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும்படி தலைகீழாக்கி, ரிவெர்ப் போட்டுப் பதிவு செய்து, மறுபடி திருப்பினால், சொல் வருவதற்கு முன்னாலேயே அதன் நிழல் வீங்கிக்கொண்டு வரும். கூப்பிடும் முன்பே வருவது எப்படி எதிராகும்?

என் ஓட்டு 'கார்வை'க்கு. கார்வையான குரல் என்கிறோம். மிருதங்கத்தில் அடி விழுந்தபின் நீளும் இடமும் கார்வைதான். அது தாளக் கணக்கு என்று சங்கீதக்காரர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும், ஒலி நீண்டு அடங்குவதுதானே இரண்டிலும் விஷயம்? தலைகீழாக்கியது முன்கார்வை. 1980 வாக்கில் ஆங்கிலப் பாடகர் ஃபில் காலின்ஸின் டிரம்ஸால் பிரபலமான, தேயும் முன் சடாரென்று அறுபடும் கேட்டட் ரிவெர்ப் வெட்டுக்கார்வை. கூடவே 'எதிர்' வராது.

ஈரப்பதத்துக்கு வருவோம். ரிவெர்ப் கலந்த ஒலியை ஆங்கிலத்தில் நனைந்தது என்பார்கள், கலக்காததைக் காய்ந்தது என்பார்கள். அதற்காக சென்னைக்காரனிடம் ஈரப்பதம் 30 என்றால் சிரிக்க மாட்டானா? 'கலவை அளவு' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஒலி தேயும் நேரத்தை 'சிதைவு நேரம்' என்கிறது அதே வழிகாட்டி, பல் டாக்டர் மாதிரி. 1957இல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் கொண்டுவந்த பிளேட் ரிவெர்பில் இருப்பது, அதிர்ந்தே ரிவெர்ப் தரும் இரண்டு மீட்டர் நீள எஃகுத் தகடு. அது 'தட்டு எதிரொலி' ஆகியிருக்கிறது. தட்டில் இட்லிதான் வைக்கலாம்.

போன ஞாயிறு தம்பி வீட்டு மாடிப்படியில் பலூன் உடைத்து, அந்த ஓசை அடங்கும்வரை போனில் பதிவு செய்தோம். என்னமோ வெடித்தது என்று வாட்ச்மேன் ஓடி வந்தார். அந்தப் பதிவை, ஓர் இடத்தின் ரிவெர்பை அப்படியே குரலுக்குப் போர்த்தும் கன்வல்யூஷன் ரிவெர்பில் ஏற்றியதும் குரல் மூன்றாம் மாடியில் நின்று பாடுவதுபோல் ஆகிவிட்டது. கார்வை என்று பெயர் வை என்றேன். தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்து ஃபைலைத் திறந்தால், அந்த டிராக்கின் பெயர் 'படிக்கட்டு'.