கமாண்டு, கட்டளை, ஏவல்: உலாவிக்கு எழுதிச் சொல்வதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

தருமபுரியில் நான் நடத்தும் கணினி மையத்துக்கு வாரம் இரண்டு முறை ஒரு பெரியவர் வருவார். அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். கீபோர்டைப் பார்க்காமலே அவர் விரல் ஓடும். மவுஸைப் பிடித்தால்தான் சிக்கல், கை நடுங்கும். ஒரு பட்டனில் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் அது நாலு இடம் தாண்டிவிடும். ஒரு நாள் கேட்டார்: "இந்த மவுசு என் கைக்கு ஒத்துவரல தம்பி. எழுதிச் சொன்னா கேக்காதா இது?"

கேட்கும். ஃபயர்ஃபாக்ஸ் என்ற உலாவியின், அதாவது பிரௌசரின், முகவரிப் பட்டையில் % குறி போட்டு, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சொல்லை அடித்தால் திறந்திருக்கும் பக்கங்களில் மட்டும் தேடிக் காட்டும். * போட்டால் சேமித்து வைத்த பக்கங்கள். ^ போட்டால் முன்பு பார்த்தவை. அமைப்புகளுக்குள் போய் ஒரு தளத்தின் தேடலுக்கு நாமே ஒரு சிறு பெயர் வைத்துக்கொள்ளவும் முடியும். நான் தமிழ் விக்சனரி என்ற இணைய அகராதிக்கு 'சொல்' என்று பெயர் வைத்திருக்கிறேன். 'சொல் கட்டளை' என்று அடித்து என்டர் தட்டினால் அந்தப் பக்கம் வந்து நிற்கும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர் உட்காரும் மேசைக்கு மேலே ஒட்டினேன். தலைப்பாக 'கமாண்டுகள்' என்று போட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு, "எல்லாம் சரி, இதுக்கு நம்ம பாஷைல பேரு இல்லையா?" என்றார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

முதலில் கமாண்டு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். லத்தீனில் 'மானுஸ்' என்றால் கை, 'தாரே' என்றால் கொடுத்தல். இரண்டும் சேர்ந்து 'மந்தாரே', அதாவது ஒருவர் கையில் ஒன்றை ஒப்படைப்பது. அதற்கு முன்னால் 'கொம்' என்ற அழுத்தம் சேர்ந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததுதான் கமாண்டு. வேலைக்கு நாம் கேட்கும் ரெக்கமண்டேஷனும் அதே வேரில் பிறந்ததுதான். ஆக, அதிகாரம் ஏறுவதற்கு முன் அந்தச் சொல்லுக்குள் இருந்தது ஒப்படைப்பு. 'இந்தா, இந்த வேலையை உன் கையில் கொடுக்கிறேன், முடித்துக் கொடு' என்பதுதான். கை நடுங்குகிற ஒருவர் தன் வேலையைக் கணினியின் கையில் கொடுக்கிறார் என்று நினைத்தபோது இந்த வேர் எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

தமிழில் கமாண்டுக்குக் கட்டளை என்பது ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. பள்ளிக் கணினிப் பாடத்திலும் பார்க்கலாம். ஆனால் பலருக்கு அந்தச் சொல் ஒட்டுவதில்லை. கட்டளை என்றதும் ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து விரலை நீட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. 'கம்ப்யூட்டருக்குப் போய்க் கட்டளையா?' என்று கேட்கிறார்கள். அவர்கள் கட்டளையின் ஒரு முகத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். அதன் மற்ற முகங்களைப் பார்த்தால், கணினிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் கட்டளைக்கு உத்தரவு என்ற பொருளோடு வேறு பொருள்களும் உண்டு. செங்கல் அறுக்கும் அச்சு அவற்றில் ஒன்று. எங்கள் பக்கம் சூளைகளில் அதை அச்சு என்றே சொல்வோம். மண்ணைப் பிசைந்து, அந்த மரச்சட்டத்துக்குள் அடித்து, மேலே வழித்துவிட்டுத் தூக்கினால் கல் நிற்கும். மூலையில் மண் குறைந்தால் கல் மூளியாகும், மிஞ்சினால் பிதுங்கும். % குறிக்குப் பிறகு அந்த இடைவெளியை விடாமல் அடித்தால் உலாவி அதைச் சாதாரணத் தேடலாக எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடும். மண் அச்சுக்குள் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். வேலை நடப்பது அதிகாரத்தால் இல்லை, வடிவத்தால். எழுதிக் கொடுப்பது குறித்த வடிவத்தில் இருந்தால் இயந்திரம் செய்யும், இல்லாவிட்டால் செய்யாது. எவ்வளவு பெரிய அதிகாரி அடித்தாலும் அப்படித்தான்.

கட்டளைக்கல் என்றால் பொன்னை உரைத்துப் பார்க்கும் உரைகல். திருவள்ளுவர் 505ஆம் குறளில் ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் 'தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்கிறார். இங்கே கட்டளைக்கு ஏவுகிற பொருளே கிடையாது. அளந்து பார்க்கும் தரம், அதுதான் பொருள். யாப்பிலும் இதே கதை. கட்டளைக் கலித்துறை என்ற பாவகையில், அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து இருக்க வேண்டும். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அது கட்டளைக் கலித்துறை ஆகாது. கணினி நிரல் (புரோகிராம்) எழுதுகிறவர்கள் ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக அரைநாள் தேடுவது இதே எழுத்துக் கணக்குதான்.

அப்புறம் அறக்கட்டளை. டிரஸ்டுக்கு ஏன் கட்டளை என்று பெயர் வந்தது? கோயிலில் உச்சிக்காலக் கட்டளை, அர்ச்சனைக் கட்டளை என்று கேள்விப்பட்டிருப்போம். இந்த வருமானத்தில் இந்த நாளில் இந்த பூசை நடக்க வேண்டும் என்று ஒருவர் ஒரு முறை எழுதி ஏற்படுத்தி வைத்துவிட்டுப் போகிறார். அவர் இல்லாத காலத்திலும் அது அப்படியே நடந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு முறை எழுதி வைத்தால் ஒவ்வொரு நாளும் அதே மணிக்குத் தானாக ஓடுகிற கணினிக் கட்டளைகள் உண்டு. அவற்றுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கட்டளைக்குப் போட்டியாக நிற்கும் சொற்களையும் பார்க்க வேண்டும். ஆணை என்பதில் அரசாங்க வாடை அதிகம், அதோடு 'என் மேல் ஆணை' என்று சத்தியத்துக்கும் போய்விடும். உத்தரவு என்பது எங்கள் ஊரில் மேலிருந்து கிடைக்கும் அனுமதி. கலெக்டர் உத்தரவு வேண்டும், திருவிழாவுக்குச் சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும். உலாவியிடம் நாம் அனுமதி கேட்கவில்லை.

ஏவல்தான் உண்மையான போட்டி. இலக்கணத்தில் முன்னிலையில் நிற்பவனை ஒரு செயலுக்குத் தூண்டும் வினைக்கே ஏவல் வினை என்று பெயர். ஆனால் ஏவல் என்று தனியாகச் சொன்னால் எங்கள் கிராமங்களில் பில்லி, சூனியம் என்ற இரண்டும் உடனே பின்னால் வரும். பெரியவரிடம் 'ஏவல் எழுதுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் பெயர்ச்சொல்லாக ஏவலை விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கட்டளைக்குள் வரும் வினைக்கு ஏவல் வடிவம்தான் வேண்டும் என்பேன்.

காரணம் இது. தமிழில் வினையின் வேரே ஏவலாக நிற்கும். திற, மூடு, தேடு, காட்டு, நிறுத்து என்று எந்த விகுதியும் சேர்க்காமலே முழுக் கட்டளை ஆகிவிடுகிறது. நன்னூல் நட, வா, மடி என்று தொடங்கி 23 வினைப் பகுதிகளை அடுக்கும்போதே அவற்றை 'செய்யென் ஏவல்' என்றுதான் அழைக்கிறது. இப்போது தமிழ் மென்பொருள்களின் பட்டியல்களில் 'திறக்க', 'சேமிக்க' என்று பார்க்கிறோம். 'கற்க' என்பது போன்ற வியங்கோளாக அதை எடுத்துக்கொள்ளலாம். பார்த்துச் சொடுக்குவதற்கு அது மரியாதையாக இருக்கிறது. எழுதிக் கொடுப்பதற்கு நீளம். விரலால் அடிக்கிற இடத்தில் 'திற' என்ற இரண்டே எழுத்து போதும்.

உலாவி என்ற சொல்லையும் சற்றுத் தொட்டுவிடுகிறேன். ஆங்கிலத்தில் பிரௌஸ் என்பது முதலில் ஆடு மாடு இளந்தளிர் கடிப்பதைக் குறித்தது. பழைய பிரெஞ்சில் தளிருக்கு இருந்த சொல்லிலிருந்து வந்தது. மாடு தரையில் புல் மேயும், ஆடு செடி செடியாகப் போய் நுனித்தழையைக் கடித்துவிட்டு அடுத்த செடிக்குத் தாவும். வத்தல்மலை அடிவாரத்தில் ஆடு ஓட்டுகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு புத்தகத்தை அங்கங்கே புரட்டிப் பார்ப்பதற்கும் அந்தச் சொல் போனது. நம்மிடம் 'நுனிப்புல் மேய்வது' என்று அதற்குச் சமமான வழக்கே இருக்கிறது. 'இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தேன்' என்று எழுதுகிறவர்கள் அறியாமலே வேரைத் தொட்டுவிடுகிறார்கள். ஆனாலும் உலாவி நிலைத்துவிட்டது, நல்ல சொல், அதை மாற்ற வேண்டாம்.

எழுதி உலாவியை நடத்துவது புதிய யோசனை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வலையின் தொடக்கத்திலேயே அது இருந்தது. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வகத்தில் 1990இல் எழுதிய முதல் உலாவி நெக்ஸ்ட் என்ற ஒருவகைக் கணினியில் மட்டும்தான் ஓடியது. மற்றக் கணினிகளில் இருப்பவர்களும் பார்க்க வேண்டும் என்று, அங்கே வந்திருந்த நிக்கோலா பெல்லோ என்ற மாணவி வரிமுறை உலாவி ஒன்றை எழுதினார். மவுஸ் தேவையில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், அந்த எண்ணை அடித்து என்டர் தட்டினால் அங்கே போகும். திரும்ப வர, வெளியேற, உதவி கேட்க எல்லாம் சொல்தான். 1992இல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த லிங்ஸ் என்ற எழுத்து உலாவி இன்றும் உயிரோடு இருக்கிறது.

படங்களும் பட்டன்களும் வந்த பிறகு எழுத்து பின்னால் போனது. 2008 ஆகஸ்டில் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லா, யுபிக்விட்டி என்ற சோதனை முயற்சியை வெளியிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் ஒரு விசையை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் வரைபடம், வானிலை, மொழிபெயர்ப்பு என்று வேண்டியதை எழுத வேண்டும், உலாவி செய்யும். இதன் முன்னணியில் இருந்தவர் அசா ரஸ்கின். ஆப்பிளில் மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ரஸ்கினின் மகன்.

அதில் நமக்கு முக்கியமான ஒரு பாடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் கட்டளை என்றால் வினை முதலில் வரும். என்ன செய்ய வேண்டும் என்று முதல் சொல்லிலேயே தெரிந்துவிடுவதால், கணினி அடுத்தது என்ன வரும் என்று ஊகித்து நீட்டும். தமிழில் 'ஒகேனக்கல் வழி காட்டு' என்போம். வினை கடைசியில். 'காட்டு ஒகேனக்கல் வழி' என்று எந்தத் தமிழனும் பேசமாட்டான். ஜப்பானிய மொழியும் நம்மைப் போலத்தான். அதனால் யுபிக்விட்டிக் குழு 2009இல் சொற்களைப் பகுத்துப் பார்க்கும் பகுதியையே புதிதாக எழுதியது, வினை எந்த இடத்தில் வந்தாலும் புரிந்துகொள்ளும்படி. ஒருவர் 'ஒகேனக்கல்' என்று அடித்ததும், ஊர்ப்பெயர் என்று கண்டு, 'வழி காட்டு', 'வானிலை காட்டு', 'படம் தேடு' என்று வினைகளை நீட்டினால் போதும். அந்த முயற்சி அதிக காலம் நிலைக்கவில்லை. ஆனால் தமிழில் கட்டளை மொழி உருவாக்க நினைக்கிற யாரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆங்கில வரிசையைப் பிடித்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றினால் அது தமிழ் ஆகாது.

இப்போது செயற்கை நுண்ணறிவு உலாவிகள் வந்துவிட்டன. 'நாளைக்குக் காலையில் சேலம் போக என்ன வண்டி இருக்கிறது பாரேன்' என்று நம் பேச்சிலேயே எழுதினாலும் புரிந்துகொண்டு முயல்கின்றன. அதைக் கட்டளை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அச்சு இல்லை, எழுத்துக் கணக்கு இல்லை. வியங்கோளுக்கு வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்று பொருள் சொல்வார்கள். அதில் இது வேண்டல். பெரியவரின் தாளில் இருப்பது விதித்தல்.

இனி முழுத் தொடர். டெக்ஸ்ட் கமாண்டு என்பதை 'உரைக் கட்டளை' என்று சிலர் எழுதுகிறார்கள். டெக்ஸ்டுக்கு உரை என்று பழகிவிட்டதால் வந்தது. ஆனால் உரைத்தல் என்றால் வாயால் சொல்வது. இன்னொரு உரைத்தல் தேய்ப்பது, மேலே பார்த்த கட்டளைக்கல்லில் பொன்னைத் தேய்ப்பது. படிக்கிறவர் வாயால் சொல்லும் கட்டளை என்றுதான் எடுத்துக்கொள்வார். அதற்கு ஏற்கெனவே குரல் கட்டளை என்ற நல்ல பெயர் இருக்கிறது. குரலுக்கு இணையாக நிற்பது எழுத்து. ஆகவே எழுத்துக் கட்டளை என்பதே என் முடிவு. கமாண்டு லைனுக்கு வழங்கும் கட்டளை வரி என்பதை நான் தவிர்ப்பேன். எங்கள் மையத்தில் சொத்து வரி, தண்ணீர் வரி கட்ட வருகிறவர்களே அதிகம், கட்டளை வரி என்றால் எவ்வளவு என்று கேட்பார்கள். கட்டளை அடிக்கும் இடம் என்று விரித்துச் சொன்னாலே புரிந்துவிடுகிறது.

பழைய தாளைக் கிழித்துவிட்டு 'எழுத்து கட்டளைகள்' என்று புதிதாக ஒட்டினேன். அடுத்த முறை வந்த பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நடுங்கும் கையால் இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு 'க்' போட்டார். "வன்தொடர்க் குற்றியலுகரம் தம்பி, ஒற்று மிகும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து % அடிக்கத் தொடங்கினார்.