ஆட்சிக் கவிழ்ப்பு: அதைப் புரட்சி என்று எழுதலாமா?

ஒரு சர்வாதிகாரியின் எல்லையில் அந்நியப் படை வந்து நிற்கும்போது, அவருடைய தளபதிகளே அவரை இறக்கிவிடுவார்களா என்ற பேச்சு எழும். அதை நாம் 'இராணுவப் புரட்சி' என்று எழுதிப் பழகிவிட்டோம். இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரெஞ்சில் இதன் பெயர் 'கூ தேதா'. 'கூ' என்றால் அடி, 'எதா' என்றால் அரசு. அந்தக் 'கூ' லத்தீன் வழியாக வந்தது. அதன் கிரேக்க வேர் கைமுட்டியால் விடும் குத்தைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் நாட்டு நலன் என்று சொல்லி அரசரே திடீரென எடுக்கும் நடவடிக்கைக்குத்தான் இந்தப் பெயர். ஆட்சியில் இருப்பவர்மீதே விழும் அடி என்ற பொருள் பிற்பாடு வந்தது. 1799 நவம்பரில் நெப்போலியன் படைவீரர்களை வைத்து அதிகாரத்தைப் பிடித்தது அதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. ஸ்பானிய மொழியின் 'கோல்பே', துருக்கியின் 'தர்பே' இரண்டுக்கும் அடி என்றுதான் பொருள்.

அரபு வேறு வழியில் போனது. அங்கே 'இன்கிலாப்', அதாவது தலைகீழாகப் புரள்வது. நமக்குத் தெரிந்த 'இன்குலாப் சிந்தாபாத்' முழக்கத்தில் இருப்பதும் இதே சொல்தான். முழக்கத்தில் அது மக்கள் புரட்சி, பாக்தாதில் அது தளபதிகளின் வேலை. மக்கள் புரட்சிக்கு அரபியர் 'தவ்ரா' என்ற தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். 1968 ஜூலை 17இல் ஈராக்கில் ஆட்சியைப் பிடித்த பாத் கட்சி, தான் செய்ததை 'தவ்ரா' என்றே அறிவித்துக்கொண்டது. பிடித்தவர்கள் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள். 'இராணுவப் புரட்சி' என்று எழுதும்போது அவர்கள் கேட்கும் பெயரை நாமே கொடுத்துவிடுகிறோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வறள் வறட்சி ஆனதுபோல, புரள் என்பதிலிருந்து வந்தது புரட்சி. வேரை மட்டும் பார்த்தால் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் பிரெஞ்சுப் புரட்சி, ரஷ்யப் புரட்சி என்று வழங்கி வழங்கி, அந்தச் சொல்லில் மக்கள் வந்து குடியேறிவிட்டார்கள். இலங்கைத் தமிழில் வழங்கும் 'சதிப்புரட்சி' பரவாயில்லை, மறைவாக நடப்பதையாவது சொல்கிறது. 'இராணுவ ஆட்சிக் கவிழ்ப்பு' குழப்பும்: இராணுவம் கவிழ்த்ததா, இராணுவ ஆட்சி கவிழ்ந்ததா? 'படைவழி ஆட்சிக் கவிழ்ப்பு' என்பது என் தேர்வு. இடம் தெளிவாக இருந்தால் 'ஆட்சிக் கவிழ்ப்பு' போதும்.

கவிழ்ப்பு என்பதில் இன்னொரு நுட்பம் உண்டு. கவிழ்வது தன்வினை, கவிழ்ப்பது பிறவினை. ஆட்சி என்ற படகுக்குள் இருக்கும் ஒருவர் அதைச் செய்தாக வேண்டும். 1943 ஜூலையில் நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கி ஏறத்தாழ இரண்டு வாரத்தில், முசோலினியின் சொந்தக் கட்சியின் பேரவையே அவருக்கு எதிராக வாக்களித்தது. அன்று மாலையே இத்தாலி மன்னர் அவரைப் பதவிநீக்கிக் கைதுசெய்ய வைத்தார். மார்ஷல் படோலியோ பிரதமரானார். அது முழுமையான கவிழ்ப்பு. 1944 ஆகஸ்ட் 23இல், சோவியத் படை உள்ளே வந்துகொண்டிருந்தபோது, ருமேனியாவின் மன்னர் மிகாய், அந்நாட்டுச் சர்வாதிகாரி அந்தோனெஸ்குவை அரண்மனையிலேயே கைதுசெய்ய வைத்ததும் அப்படித்தான்.

2003இல் அமெரிக்கா படையெடுத்தபோது, சதாம் உசேன் ஆண்ட ஈராக்கில் அது நடக்கவில்லை. போர் செலவைவிட அவர்மீது பாயும் ஒரு துப்பாக்கிக் குண்டின் செலவு குறைவு என்று 2002 அக்டோபரில் வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளரே வெளிப்படையாகப் பேசினார். ஆனால் சதாம் உசேன் வெளியிலிருந்து வரும் படையைவிட உள்ளே இருக்கும் படைக்குத்தான் அதிகம் அஞ்சினார். வழக்கமான இராணுவத்தைப் பாக்தாதுக்குள் விடவில்லை. தலைநகரைக் காத்த சிறப்புக் குடியரசுக் காவல்படை மகன் குசேயின் பொறுப்பில் இருந்தது. தளபதிகள் தங்களுக்குள் கலந்து பேசவே தடை. இந்த ஏற்பாட்டைக் 'கவிழ்ப்புக் காப்பு' எனலாம். அதே தடையால் படையெடுப்பை எதிர்த்து ஒன்றுசேர்ந்து போரிடவும் அவர்களால் முடியாமல் போனது. 2003 ஏப்ரல் 9இல் பாக்தாதில் நடந்ததற்கு 'வீழ்ச்சி' என்பதே சரியான சொல்.