கந்தல் மூட்டையிடம் அம்பு தோற்பது ஏன்?

வில்வித்தை பழகத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அரை அங்குலப் பிளைவுட்டில் எய்தால் அம்புமுனை மறுபக்கம் எட்டிப் பார்க்கிறது. பழந்துணி அடைத்த சாக்கில் எய்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. பலகையைவிடத் துணி வலுவானதா? வீட்டிலேயே இலக்கு செய்ய எதை வாங்கலாம்?”

இரண்டாவது கேள்விக்கு விடை சுலபம். பெரிதாக எதையும் வாங்க வேண்டாம். அட்டைப்பெட்டியும் பழந்துணியும் போதும். ஆனால் முதல் கேள்வி புரியாமல் அந்த இலக்கைச் செய்தால் பத்து நாளில் நடுவில் ஓட்டை விழுந்துவிடும்.

நுனிகள் முன்பக்கமாக வளைந்த ரிகர்வ் வில்லிலிருந்து 20 கிராம் அம்பு நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் வாய்பாட்டில் போட்டால் 36 ஜூல் வரும். ஒரு கிராம் தண்ணீரைச் சுமார் 9 டிகிரி சூடாக்கும், அவ்வளவுதான். இந்த 36 ஜூலையும் இலக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். எத்தனை தூரத்துக்குள் வாங்கிக்கொள்கிறது என்பதுதான் கேள்வி. 2 செ.மீ.க்குள் என்றால் சராசரி விசை 1800 நியூட்டன். ஏறத்தாழ 180 கிலோ எடை. 20 செ.மீ. தூரம் கொடுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கு, 18 கிலோ எடைதான்.

தடித்த மரக்கட்டையில் எய்தால் நடப்பது முதல் வகை. முனை சட்டென்று நிற்கும். வால் பக்கம் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வளைகிறது. கார்பன் தண்டாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம். அடுத்த முறை நாணை விடும்போது அந்தத் தண்டு சிதறி வில் பிடித்த கையிலேயே ஏறும். மெல்லிய பிளைவுட்டிலோ முனை நாரை உடைத்துக்கொண்டு போய்விடுகிறது. உடைந்த நார் திரும்பி வந்து தண்டைப் பிடிப்பதில்லை. பிடித்தாலும் பிடிக்க இருப்பது 12 மி.மீ. தடிமன்தான்.

நல்ல இலக்கு முனையை மறிப்பதில்லை. முனையை உள்ளே விட்டுவிட்டுத் தண்டின் பக்கவாட்டைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மேசைமேல் தள்ளிவிட்ட மரத்துண்டின்மேல் உராய்வு விசை தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றேதான். துண்டின் எடை மாறவில்லை, அழுத்தம் மாறவில்லை, உராய்வும் மாறவில்லை. தொடுபரப்பைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதே கதை. பிரெஞ்சு அறிஞர் அமொந்தோன் 1699இல் சொன்ன விதி இது. அப்படியானால் அம்பு ஆழமாகப் போகப் போகப் பிடி ஏன் இறுக வேண்டும்? தொடுபரப்பு கூடுவதால் அல்ல, அழுத்தம் கூடுவதால். இறுக்கி அடுக்கிய அட்டைகளுக்கு நடுவே 6 மி.மீ. தண்டு நுழைந்தால் அந்த இடத்தில் அட்டைகள் 6 மி.மீ. விலகியாக வேண்டும். விலகிய அட்டை திரும்பி நெருக்குகிறது. இன்னும் ஒரு செ.மீ. உள்ளே போனால் இன்னும் ஒரு செ.மீ. நீளத்து அட்டை புதிதாக நெருக்கத் தொடங்கும். பழைய நெருக்கல் விடுவதில்லை. அம்பு தன்னைப் பிடிக்கும் கைகளைத் தானே வழிநெடுகச் சேர்த்துக்கொண்டு போகிறது.

ஆகவே தடுக்கும் விசை பூஜ்யத்தில் தொடங்கி ஆழத்துக்கு நேர்விகிதமாக ஏறுகிறது. இது சுருள்வில்லின் கணக்கு. வித்தியாசம் ஒன்றுதான்: சுருள்வில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும், உராய்வு அதை வெப்பமாக்கி முடித்துவிடும். ரப்பர் பாளத்தில் எய்த அம்பு திரும்பிப் பாய்வதும் சாக்கில் எய்தது அப்படியே உறைந்து நிற்பதும் இதனால்தான். நம் அம்பு 20 செ.மீ. ஆழத்தில் நிற்க எடுக்கும் நேரம் நொடியில் 200இல் ஒரு பங்கு.

சுருள்வில் கணக்கிலிருந்து கைக்கு உதவும் முடிவு ஒன்று கிடைக்கிறது. ஆற்றல் இரட்டிப்பானால் ஆழம் இரட்டிப்பாகாது, 1.4 மடங்குதான் ஆகும். அதே 20 கிராம் அம்பைக் கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில் நொடிக்கு 85 மீட்டரில் அனுப்பினால் 72 ஜூல், அதாவது இரு மடங்கு. 20 செ.மீ.யில் நின்றது இப்போது 28 செ.மீ. போகும். 30 செ.மீ. ஆழமுள்ள இலக்கில் மிஞ்சுவது 2 செ.மீ.தான். காம்பவுண்ட் வில்லுக்கு 40 செ.மீ. ஆழம் வையுங்கள், இல்லாவிட்டால் இன்னும் இறுக்குங்கள்.

(உராய்வு ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் யாருக்கும் கண் ஒளிர்வதில்லை. 1966இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கையாண்டால் நாட்டுக்கு ஆண்டுக்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் மிச்சமாகும் என்று அறிக்கை கொடுத்தது. அதன் பிறகும் உராய்வியல் கவர்ச்சியில்லாத துறையாகவே கிடக்கிறது. தொலைநோக்கிக்குக் கொடுப்பதில் ஒரு துளி இங்கேயும் சிந்தலாம் என்பது என் கட்சி.)

இனி செய்முறை. முகம் 60 செ.மீ. சதுரம், ஆழம் 30 செ.மீ. நெளி அட்டைப்பெட்டிகளைப் பிரித்து 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் பட்டைகளாக வெட்டுங்கள். ஒட்டுநாடா, ஸ்டேப்பிள் பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பின் தண்டைக் கீறும். நெளிவு நீளவாக்கில், அதாவது இலக்கின் முகத்துக்கு இணையாக ஓடும்படி வெட்டுவது நல்லது. அகலவாக்கில் ஓடினால் முகம் முழுக்கக் குழாய் வாய்கள் திறந்திருக்கும். அம்பு அந்தக் குழாய்க்குள் வழுக்கிக்கொண்டு போகும். மூன்றரை மி.மீ. அட்டை என்றால் சுமார் 200 பட்டை தேவை. இறுக்காமல் அடுக்கினால் 70 செ.மீ. வரும், அது 60க்கு இறங்க வேண்டும்.

மேலும் கீழும் 75 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 4 செ.மீ. தடிமனில் இரண்டு பலகைகள். இரு முனைகளிலும் விளிம்பிலிருந்து 4 செ.மீ. தள்ளி இரண்டிரண்டு துளை. அவற்றில் 12 மி.மீ. தடிமன், 1 மீட்டர் நீளமுள்ள மரையிட்ட கம்பிகள் நான்கு. நட்டுக்கு அடியில் அகலமான வாஷர் போடாவிட்டால் நட்டு மரத்துக்குள் புதைந்துவிடும். மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, ஒரு தடவைக்கு ஒரு சுற்று இறுக்குங்கள். 12 மி.மீ. கம்பியின் வழக்கமான மரையில் ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ.தான் இறங்கும், 10 செ.மீ. இறக்க 57 சுற்று ஆகும். ஆள் ஏறி நின்று முதலில் மிதித்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

பலரும் தவறுவது அடுத்த இடத்தில். கம்பிகள் ஓரத்தில் இருப்பதால் இறுக்க இறுக்கப் பலகை நடுவில் வெளிப்புறமாக வளையும். ஓரம் கல் மாதிரி இறுகியிருக்கும், நடு தொளதொளவென்று இருக்கும். அம்புகள் விழுவதோ நடுவில்! அடுக்கும்போதே நடுப்பகுதியில் மட்டும் 20 செ.மீ. நீளத்துண்டுகள் ஐந்தாறைச் செருகிவிடுங்கள், அல்லது பலகையின் வெளிப்பக்கம் நீளவாக்கில் ஒரு கட்டையைக் கொடுத்து அதற்கும் சேர்த்துத் துளையிட்டு இறுக்குங்கள். முன்பக்கக் கம்பிகளை மறைத்து மரச்சட்டம் ஒன்றும் அடித்துவிட வேண்டும். இரும்பில் பட்ட அம்பு எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் அம்பைக் குறைந்த இழுவிசையுள்ள வில்லால் எய்து பாருங்கள். ஆழத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் நின்றால் சரியான இறுக்கம். 10 செ.மீ.க்குள்ளேயே நின்றால் அதிகமாக இறுக்கியிருக்கிறீர்கள், பிடுங்கும்போது தெரியும். நாளாக நாளாக அட்டை நசுங்கி அம்பு ஆழப் போகும். அரைச் சுற்று இறுக்கினால் திரும்பிவிடும். நடுப் பட்டைகள் நார்நாராகிவிட்டால் பிரித்து, ஓரத்துப் பட்டைகளை நடுவுக்கும் நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் மாற்றலாம். முகத்தில் ஒரே வட்டம் வரையாமல் 10 செ.மீ. அளவில் ஐந்து வட்டங்கள் ஒட்டினால் தேய்மானம் பரவும். ஈரம் பட்டால் எல்லாம் போச்சு: அட்டை கூழாகிவிடும். தரையிலிருந்து உயர்த்தி, மேலே தார்ப்பாய் போட்டு வையுங்கள். அட்டைக்குப் பதில் பழைய தரைவிரிப்பும் ஆகும், நீண்ட நாள் உழைக்கும். அடியில் ரப்பர் பூச்சு உள்ளது வேண்டாம், தண்டில் ஒட்டிக்கொள்ளும்.

சாக்கு மூட்டை இன்னும் எளிது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சாக்கு. உள்ளே பழந்துணி, பொருள் சுற்றிவரும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். ஜிப், பொத்தான், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிடுங்கள். கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு மிதித்து மிதித்து அடைக்க வேண்டும், 60 செ.மீ. அகலச் சாக்குக்கு 20 கிலோவாவது பிடிக்கும். கோணி ஊசியால் வாயைத் தைத்துவிடுங்கள். நெய்த சாக்கு என்பது முக்கியம்: முனை இழையை அறுக்காமல் விலக்கிக்கொண்டு போகும், பிடுங்கியதும் இழைகள் நெருங்கிக்கொள்ளும். அகலக் கத்தி வைத்த வேட்டை முனை இழையை அறுத்துவிடும். இந்த மூட்டையில் அதை எய்யவே கூடாது. ஒவ்வோர் அடிக்கும் உள்ளே துணி இறங்கி மேற்பகுதி காலியாகும். மாதம் ஒரு முறை தலைகீழாகத் திருப்பித் தொங்கவிடுங்கள்.

தொங்கும் மூட்டை ஊசலாடுவதால்தான் அம்பு நிற்கிறது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. உந்த அழியாமை விதியைப் போட்டுப் பார்க்கலாம். 20 கிராம் அம்பு 20 கிலோ மூட்டையில் தைத்தால் மூட்டைக்குக் கிடைக்கும் வேகம் நொடிக்கு 6 செ.மீ. அதில் உள்ள ஆற்றல் 0.036 ஜூல். ஆயிரத்தில் ஒரு பங்கு! மீதி 999 பங்கையும் துணியே விழுங்குகிறது. தொங்கவிடுவது மண் ஈரம் படாமல் இருக்கத்தான்.

எந்த இலக்கும் தவறிய அம்பைப் பிடிக்காது. பின்னால் மண்மேடோ ஆள் நடமாட்டமில்லாத வெளியோ இல்லாத இடத்தில் இதை வைக்காதீர்கள்.

கடைசியாகப் பிடுங்குவது. ஆழத்தோடு ஏறும் பிடி அம்பு நிற்கும் இடத்தில்தான் உச்சத்தில் இருக்கிறது. சராசரி 18 கிலோ எடை என்றால் உச்சம் அதில் இரு மடங்கு, 36 கிலோ. முனை வழியைத் திறக்கவும் கொஞ்சம் ஆற்றல் செலவாவதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும். ஆனாலும் வெறும் இழுப்புக்கு அம்பு சுலபத்தில் வராது. தண்டைச் சுழற்றிக்கொண்டே இழுங்கள். உராய்வு எப்போதும் நகரும் திசைக்கு எதிராகத்தான் நிற்கும். தண்டு சுழன்றால் உராய்வின் பெரும்பகுதி அந்தச் சுழற்சியை எதிர்க்கத் திரும்பிவிடுகிறது. நீள்திசையில் மிஞ்சுவது சொற்பம். பாட்டில் தக்கையைத் திருகி எடுப்பதும் இதே வித்தைதான். ஒரு கையை இலக்கின் முகத்தில் ஊன்றி, இன்னொரு கையால் தண்டை முகத்துக்கு மிக அருகில் பிடியுங்கள். பின்னால் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், விடுபட்ட அம்பின் வால் கண்ணைக் குத்தும். சுழற்றுவது வலஞ்சுழியாக இருக்கட்டும். இடஞ்சுழியாகச் சுழற்றினால் திருகி மாட்டிய முனை கழன்று அட்டைக்குள்ளேயே தங்கிவிடும். அடுத்த அம்பு அதன்மேல் போய் மோதும்.