சுவர் எழும் முன்பே இடம் பிடிக்கும் உட்கருக்கள்

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கிற பழ ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான். ஆனால் அதற்குள் முதல் இரண்டு மணி நேரம் நடப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. நம் கருவில் செல் இரண்டாகும், நான்காகும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சவ்வு இருக்கும். பழ ஈயோ செல்லைப் பிரிக்காமல் உட்கருவை மட்டும் பிரித்துக்கொண்டே போகிறது, அதுவும் ஆரம்பத்தில் சுற்றுக்கு எட்டு நிமிடம் என்ற வேகத்தில். 13 சுற்று முடியும்போது சுமார் 6000 உட்கருக்கள், நடுவே ஒரு தடுப்பும் இல்லாமல், முட்டையின் ஓரமெங்கும் ஒரே அடுக்காக நிற்கின்றன.

சரி, இவற்றை இவ்வளவு சீராகப் பரப்பியது யார்? தொடக்கத்தில் ஒரு கொத்தாகத்தான் கிடக்கின்றன. 4 முதல் 6ஆம் சுற்று வரை, முட்டையின் மேலடுக்கு சுருங்கிச் சுருங்கித் தளர, உள்ளே திரவம் ஓடி அவற்றை நீளவாட்டில் கொண்டுபோய் விடுகிறது. எப்போது, எங்கே சுருங்குவது என்பதற்கான சமிக்ஞையும் உட்கருக்களிடமிருந்தே போகிறது.

சுவர்க்கோழி முட்டையில் வேறு வழி. அங்கே ஒவ்வொரு உட்கருவும் பக்கத்தில் எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே நகர்கிறது. நெரிசலில் மாட்டியது மெதுவாக நகர்கிறது, அடுத்த பிரிவுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. 2022இல் வெளிவந்த ஆய்வில் முட்டையை இறுக்கி அதன் வடிவத்தையே மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் இதே விதிப்படிதான் பரவின.

போய்ச் சேரும் இடம் ஏன் அவ்வளவு முக்கியம்? பழ ஈ முட்டையின் தலைப்பக்கம் பைகாய்டு என்ற புரதம் அடர்த்தியாக இருக்கும், பின்னால் போகப்போகக் குறையும். தன்னைச் சுற்றி அது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு உட்கரு தலைக்குரிய ஜீன்களை இயக்குவதா வேண்டாமா என்பது முடிவாகிறது. வால்முனையில் வேறொரு சரக்கு சேர்ந்திருக்கிறது. அதற்குள் நுழையும் உட்கருக்களைச் சுற்றி மட்டும் முதலிலேயே சவ்வு மூடிக்கொள்கிறது. பின்னாளில் விந்தணுவும் முட்டையும் இவற்றிலிருந்துதான் வரும். 1974இல் இல்மென்ஸீ, மகோவால்டு என்ற இரு ஆய்வாளர்கள் அந்தச் சரக்கை ஊசியால் எடுத்து இன்னொரு முட்டையின் முன்முனையில் செலுத்தினார்கள். தலைப்பக்கம் போயிருந்த உட்கருக்கள் அங்கேயே இனப்பெருக்கச் செல்களாக உருவாகின!

மற்ற உட்கருக்களுக்கு 14ஆவது சுற்றில்தான் சுவர். மேலிருந்து சவ்வு மெல்ல உள்ளிறங்கி ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடைக்க ஒரு மணி நேரம் ஆகிறது.