காற்றாடிச் சறுக்கு: அது ‘உலாவல்’ இல்லை

காற்றாடி இழுக்க, பலகைமேல் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டான கைட்சர்ஃபிங் என்பதற்குக் ‘காற்றாடி உலாவல்’ என்று எழுதுவதை இனியாவது நிறுத்துங்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ராமேசுவரம் போய்க் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பிய என் சித்தப்பா மகன், ஆம்பூர்க்காரன், “உலாவல்னா காத்து வாங்குறதுதானேண்ணா, அதுக்கு நீச்சல் தெரியணுமா இன்னா?” என்று கேட்டான். அவனைத் திட்டி என்ன பயன், எழுதிவைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

சொல் வரலாறு சுருக்கமாக. ஆங்கிலத்தில் கைட் என்பது முதலில் பருந்து, அப்புறம்தான் காகிதக் காற்றாடிக்கு அந்தப் பெயர் வந்தது. சர்ஃப் என்றால் கரையில் வந்து உடையும் அலை; அதன் வேர் உறுதியாகத் தெரியாது, ஆனால் பழைய ஆங்கிலப் பதிவுகளில் அது இந்தியக் கரையின் அலையைக் குறித்தே வருகிறது என்பது வேடிக்கை. விளையாட்டாக இது பரவக் காரணம் பிரான்சின் பிரிட்டனிக் கரையைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகேன்யு சகோதரர்கள். காற்றடைத்த குழாய் வைத்த காற்றாடிக்கு 1984-இல் காப்புரிமை கேட்டார்கள். அது நீரில் விழுந்தாலும் மிதக்கும், திரும்ப எழும்பும்.

சரி, இதில் உலாவல் எங்கிருந்து வந்தது? கணினியிலிருந்து. இணையத்தில் பக்கம் பக்கமாகத் தாவுவதை ஆங்கிலத்தில் சர்ஃபிங் என்றார்கள், நாம் அதை உலாவல் என்றோம், உலாவி என்று பெயரும் வைத்தோம், அதெல்லாம் நல்ல தமிழ்தான். ஆனால் யாரோ கலைச்சொல் பட்டியலைத் திறந்து சர்ஃபிங்குக்கு நேராக இருந்ததை எடுத்துக் கடலில் போட்டுவிட்டார். அது உவமையாகக் கணினிக்குப் போன சொல், அதை மொழிபெயர்த்துத் திரும்பக் கடலுக்கே கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும். உலா என்றால் சாமி வீதி உலா வருவது, சாப்பிட்ட பிறகு தெருவில் நாலு நடை போவது. இங்கே இடுப்பில் கச்சை கட்டி, இருபது மீட்டர் சொச்சம் நீளமுள்ள கயிறுகளின் முனையில் பன்னிரண்டு சதுர மீட்டர் காற்றாடியை மாட்டி, அது இழுக்கிற இழுப்பில் பலகைமேல் போகிறான் மனிதன். இரண்டு புடவையை விரித்துத் தைத்த அளவுத் துணி அது, காற்று வாட்டமாகப் பிடித்தால் ஆளையே தூக்கிவிடும். இதுவா உலா?

‘காற்றாடி அலைச்சறுக்கு’ என்பவர்கள் கொஞ்சம் மரியாதைக்குரிய கட்சி. அலைமேல் வெறும் பலகையோடு போவதற்கு அலைச்சறுக்கு பொருத்தமான சொல், கோவளத்தில் பையன்கள் செய்வது அதுதான். ஆனால் கைட்சர்ஃபிங்கில் இழுப்பது காற்று, அலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும். 2024 ஒலிம்பிக்கில் மார்செய் கடலில் நடந்த போட்டியில் பலகையே நீருக்கு மேலே எழும்பித்தான் பறந்தது. புதிதாகக் கற்பவனுக்கோ அலை எதிரி. இடுப்பளவு ஆழம், அலை அடங்கிய நீர், ஒரே சீராக வீசும் காற்று, இவைதான் அவனுக்கு வேண்டும். ராமேசுவரம், தனுஷ்கோடிப் பக்கம் ஆட்கள் கற்கப் போவதே அதற்காகத்தான். பெயரிலேயே அலையை வைத்தால் அவன் அலை தேடிப் போவான்.

பட்டச் சறுக்கு என்றும் ஒரு யோசனை உண்டு. தெற்கே, ஈழத்தில் எல்லாம் பட்டம்தான், தப்பில்லை. ஆனால் தெருவுக்கு ஒரு பொறியியல் பட்டதாரி இருக்கிற வேலூரில் பட்டச் சறுக்கு என்றால் அரியர் வைத்தவன் நினைவுதான் வரும். எங்களுக்கு அது காத்தாடி, காற்றில் ஆடுவது, அவ்வளவு தெளிவு. காற்றாடி என்றால் மின்விசிறி என்று நெல்லைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும், விசிறியைக் கட்டிக்கொண்டு யாரும் கடலில் இறங்குவதில்லை. பனிச்சறுக்கு ஏற்கெனவே பழகிவிட்டது, அதே வழியில் காற்றாடிச் சறுக்கு.

பெயரோடு தொல்லை முடிந்தால் பரவாயில்லை. பயிற்சிக் காணொளிகளின் கீழே ஓடும் தமிழைப் பாருங்கள். காற்றாடியைத் திருப்பக் கையில் பிடிக்கும் கட்டைக்கு ஆங்கிலத்தில் ‘பார்’ என்று பெயர், அது ‘மதுக்கூடம்’ ஆகிறது. இழுப்பு அதிகமான பகுதி, அதாவது ஆளுக்கு நேர் முன்னே காற்று போகும் திசையில் இருக்கும் இடம், ஆங்கிலத்தில் பவர் ஸோன், இங்கே ‘மின் மண்டலம்’. இடுப்புக் கச்சையைச் சேணம் என்று எழுதி ஆளைக் குதிரையாக்குகிறார்கள். காற்றாடியை ‘ஏவச்’ சொல்கிறார்கள், ராக்கெட்டா அது? ஏற்று என்றால் போதாதா? விடு என்று சொன்னால்தான் குழப்பம், ஏனென்றால் ஆபத்தில் பாரை விடு, அப்புறம் காற்றாடியின் இழுப்பை நிறுத்தும் அவசர விடுவிப்பைத் தள்ளு என்பதுதான் முதல் பாடமே. அந்தச் சொல்லை அதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். கயிற்றைக் கையால் பிடிக்காதே என்பதைக்கூட, கயிற்றுக்கான ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லை வரியாக்கி, ‘வரிகளைத் தொடாதீர்’ என்று போட்டால் எவனுக்குப் புரியும்? மாஞ்சா தடவாத கயிறுதான், ஆனால் விறைத்து நிற்கும்போது விரலை அறுக்கும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம், ஒன்றை மட்டும் முடியாது. ஆஃப்ஷோர் காற்று என்பதைக் ‘கடற்காற்று’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். கடலில் நடும் காற்றாலையைக் கடல்சார் காற்றாலை என்கிறோமே, அந்த நினைப்பு போலிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடப் புவியியலிலேயே கடற்காற்று என்றால் கடலிலிருந்து கரைக்கு வருவது. இவர்கள் சொல்ல வந்ததோ அதற்கு நேர் எதிர், கரையிலிருந்து கடலுக்கு வீசுவது, புதியவனை நடுக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவது, அதில் இறங்கவே கூடாது. கரையை ஒட்டிப் பக்கவாட்டில், சற்றே கரை நோக்கி வீசும் காற்றுதான் கற்பவனுக்கு ஏற்றது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிற மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க நேரமில்லையென்றால் ‘கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று’ என்று நாலு சொல்லாகவே எழுதட்டும், ஒற்றைச் சொல்லில் அடக்கியே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.